பரணில் தூங்கும் காமிரா

பெரிய மரக் காமிராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அந்தக் காலத்தில் போட்டோ பிடித்தார்கள். அந்தக் காமிராவைக் கூடத்து அலங்காரத்துக்கு விற்பது தவறு! பழுது பார்த்தால் இன்றும் படம் பிடிக்கும்.

கேரளத்து ஆலப்புழையில் 1940-களில் "வாகீஸ்வரி" மரக் காமிராவைச் செய்தவர் கருணாகரன். இசைக் கருவி பழுது பார்த்த குடும்பம் அவருடையது. கையால் செய்ததைக் கையாலேயே சீராக்கலாம் அல்லவா?

முதலில், ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற மடிப்புத் துருத்தியைப் பார்க்க வேண்டும். இருட்டறையில் அதற்குள் டார்ச் விளக்கை வைத்தால், ஓட்டை வழியே வெளிச்சம் தெரியும். கறுப்புத் துணி ஒட்டி அடைக்கலாம்.

4-க்கு 5 அங்குலப் பிலிம் இன்றும் விற்பனைக்கு வருகிறது. அது பொருந்தத் தச்சர் ஒரு சட்டம் செய்து தருவார்.

தாத்தாவைப் படம் பிடித்த காமிரா, பேரனையும் பிடிக்கட்டும்!