தசை அனுப்பும் தூது

எங்கள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "கால்சியம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும்." பாட்டி பல வருடங்களாக நாற்காலியை விட்டு அதிகம் எழுந்ததே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. "உடம்பை அலட்டிக்காதீங்க" என்று அவரை உட்கார வைத்ததே நாங்கள்தானே!

எலும்பு என்பது உயிரற்ற கம்பு அல்ல. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் நமக்குள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பாரம் விழுகிற இடத்தில் எலும்பு உறுதியாகும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடித்திருப்பது இதனால்தான்.

பாரம் மட்டுமல்ல, தசை எலும்புக்குத் தூதும் அனுப்புகிறது என்பது பிறகு தெரிய வந்தது. 2012-இல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர், உழைக்கும் தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு ஹார்மோனை அறிவித்தார்கள். கிரேக்கப் புராணத்தில் தூது செல்லும் ஐரிஸ் தேவதையின் பெயரால் அதற்கு ஐரிசின் என்று பெயர். 2015-இல் இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் எலிகளுக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு ஐரிசின் ஊசி போட்டார்கள். எலிகளின் எலும்பு கூடியது, உறுதியானது.

உடனே என்ன பேச்சு வரும்? "அப்படியானால் ஓட வேண்டாம், ஊசி போட்டுக்கொள்ளலாமே!" உடற்பயிற்சி மாத்திரை என்ற கனவு இப்படித்தான் பிறக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் சொல்கிறேன்.

2018-இல் அதே ஸ்பீகல்மேன் குழு வேறொன்றைக் கண்டது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்களை ஐரிசின் தூண்டும்போது ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் அதிகமாகிறது. அது எலும்பு கட்டும் வேலைக்குத் தடை போடும் புரதம்! ஐரிசின் சுரக்க முடியாத பெண் எலிகளின் சினைப்பையை நீக்கியபோது, வழக்கமாக ஏற்படும் எலும்பு இழப்பு அவற்றுக்கு ஏற்படவில்லை. கட்டுவதும் அதுதான், கரைப்பதும் அதுதானா?

இது முற்றிலும் புதிய புதிர் அல்ல. பாராதைராய்டு ஹார்மோன் எப்போதும் அதிகமாகச் சுரந்தால் எலும்பு அரிக்கும். அதன் ஒரு துண்டான டெரிபாராடைடைத் தினம் ஒரு சிறு ஊசியாகப் போட்டால் எலும்பு வளரும். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற மருந்து அது. ஐரிசினும் இப்படி இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். அப்படியென்றால் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது, எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். உழைப்பு, பிறகு ஓய்வு, மறுபடி உழைப்பு என்ற தாளத்தை உடம்பு தானே போட்டுக்கொள்கிறது. மாத்திரைக்கு அதைக் கற்றுக்கொடுப்பது லேசல்ல.

இன்னொன்று. நீச்சல் வீரர்களுக்குத் தசைக்குக் குறைவில்லை. ஆனால் குதித்து ஓடும் விளையாட்டு வீரர்களின் அளவுக்கு அவர்கள் எலும்பு அடர்த்தியாக இருப்பதில்லை. தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறதே! தூது மட்டும் போதாது, பாரமும் வேண்டும்.

கால்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செங்கல் இல்லாமல் வீடு இல்லை. ஆனால் செங்கலை இறக்கிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடாமல் இருந்தால் சுவர் எழும்புமா?

எலும்பின் சேமிப்பு ஏறக்குறைய 30 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது வேகமாகக் கரையும். அப்படியிருக்க, விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்ப்பதும், வயதுக்கு வந்த பெண்ணை "ஓடாதே, குதிக்காதே" என்று அடக்குவதும் எதிர்காலத்திலிருந்து திருடுவதற்குச் சமம் என்பேன்.

பாட்டி இப்போது மருத்துவர் சொன்னபடி கோலூன்றித் தினமும் கூடத்தில் நான்கு சுற்று நடக்கிறார். "உட்காருங்க பாட்டி" என்று சொல்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். உங்கள் வீட்டில்?