லேப்டாப் ஆன் ஆகுது... ஆஃப் ஆகுது... மறுபடியும் ஆன் ஆகுது! ஃபார்மேட் போடும் முன் இதையெல்லாம் பாருங்க

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். கம்பெனி லோகோ வருகிறது. அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. 'அப்பாடா, வந்துடுச்சு' என்று நினைக்கும்போதே ஸ்கிரீன் கறுப்பாகிவிடுகிறது. மறுபடியும் லோகோ, மறுபடியும் புள்ளிகள், மறுபடியும் கறுப்பு. இதை 'பூட் லூப்' என்பார்கள்.

இப்படி ஆனதும் வீட்டில் ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: 'ஃபார்மேட் போட்டுட்டா சரியாயிடும்!' சரியாகவும் செய்யலாம். ஆனால், அதோடு சேர்ந்து காலேஜ் புராஜெக்ட், அம்மாவின் டியூஷன் கணக்கு, கல்யாண ஆல்பம், தாத்தா பேசிய கடைசி வீடியோ என எல்லாமே போய்விடும். லேப்டாப்பை இன்னொன்று வாங்கலாம், அந்த வீடியோவை எந்தக் கடையில் வாங்குவது?

அதனால், இந்த வாரம் ஃபார்மேட் வரை போகாமல் என்னென்ன செய்து பார்க்கலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

முதலில், அது உண்மையிலேயே லூப்தானா?

அப்டேட் நடக்கும்போது லேப்டாப் இரண்டு, மூன்று முறை தானாக ரீஸ்டார்ட் ஆவது சகஜம். ஸ்கிரீனில் சதவிகிதக் கணக்கு தெரிந்தாலோ, 'அப்டேட் நடக்கிறது, ஆஃப் செய்யாதீர்கள்' என்ற அர்த்தத்தில் ஏதாவது வந்தாலோ சார்ஜரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட ஆகலாம். பாதியில் பவரை நிறுத்தினால், இல்லாத பிரச்னையை நாமே உருவாக்கியதாகிவிடும்.

சதவிகிதமும் இல்லை, மெசேஜும் இல்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து எழுகிறது என்றால் அது லூப்தான்.

எந்த இடத்தில் விழுகிறது?

லோகோ வருவதற்கு முன்பே ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகம் ஹார்டுவேர் மீது: ரேம், பேட்டரி, சார்ஜர், மதர்போர்டு. லோகோ வந்து, புள்ளிகள் சுற்றும்போது விழுந்தால் பெரும்பாலும் விண்டோஸ், டிரைவர் அல்லது கடைசியாக வந்த அப்டேட். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போன பிறகு விழுந்தால், தானாகத் தொடங்கும் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் அல்லது சூடு.

இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு வழி இருக்கிறது. ஆன் செய்தவுடன் எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், ஆசுஸ், பல லெனோவோ மாடல்களில் பயாஸ் ஸ்கிரீன் வரும். ஹெச்பி என்றால் எஃப்10. அங்கே எதையும் மாற்றாமல் 15 நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். விண்டோஸ் இன்னும் தொடங்காத இடம் அது. அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் கோளாறு ஹார்டுவேரில்தான். சமர்த்தாக நின்றால், விண்டோஸ் பக்கம் பிரச்னை இருக்க வாய்ப்பு அதிகம்.

செலவே இல்லாத முதலுதவி

பென் டிரைவ், பிரின்டர், மவுஸ், மெமரி கார்டு என லேப்டாப்பில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பழுதான ஒரு பென் டிரைவ்கூட பூட் ஆவதைக் கெடுக்கும்.

அடுத்து, லேப்டாப்பை ஆஃப் செய்து சார்ஜரை எடுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். சில லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு இருந்தாலோ, அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நேராக சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

நீல ஸ்கிரீனுக்குள் போகும் வழி

விண்டோஸுக்குள்ளேயே ஒரு ரிப்பேர் ஷாப் ஒளிந்திருக்கிறது. தொடர்ந்து தொடங்க முடியாமல் போனால் அது தானாகவே திறக்கும். திறக்கவில்லை என்றால் நாமே திறக்கலாம். ஆன் செய்யுங்கள். லோகோ வந்ததும் பவர் பட்டனை 10 விநாடிகள் அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். இதை இன்னொரு முறை செய்யுங்கள். மூன்றாவது முறை ஆன் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சிறிது நேரத்தில் நீல நிற மெனு வரும். அதில் 'டிரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. இனி இந்த வரிசையில் போங்கள்:

1. ஸ்டார்ட்அப் ரிப்பேர்: பூட் ஆகத் தேவையான ஃபைல்களைச் சரிபார்த்து, முடிந்தால் தானே சரிசெய்யும். உங்கள் ஃபைல்களைத் தொடாது.

2. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்: நேற்று அப்டேட் வந்தது, இன்று காலை லூப் என்றால் நேராக இங்கே வாருங்கள். 'குவாலிட்டி அப்டேட்' என்பதை முதலில் நீக்குங்கள்.

3. சிஸ்டம் ரீஸ்டோர்: லேப்டாப் நன்றாக ஓடிய ஒரு தேதிக்கு செட்டிங்ஸைத் திருப்பிக் கொண்டுபோகும். போட்டோ, டாக்குமென்ட் போகாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர், டிரைவர் மட்டும் நீங்கும். ரீஸ்டோர் பாயின்ட் ஏற்கெனவே இருந்தால்தான் இது வேலை செய்யும்.

4. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்: 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. மிக அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் தொடங்கும். இதில் நன்றாக ஓடினால் பிரச்னை ஏதோ ஒரு டிரைவரிலோ, சாஃப்ட்வேரிலோதான். சமீபத்தில் போட்ட ஆன்டிவைரஸ், கேம், டிஸ்ப்ளே டிரைவர் ஆகியவற்றை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதே பட்டியலில் 9-ஐ அழுத்தினால், தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்த எரர் ஸ்கிரீன் அப்படியே நிற்கும். அதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட அதைவிட நல்ல தகவல் இல்லை.

5. ரீசெட் திஸ் பிசி: இது மேலே சொன்ன எதுவும் பலிக்காதபோது மட்டும். இதில் 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு வழிகள் வரும். முதலாவதில் உங்கள் ஃபைல்கள் இருக்கும், போட்டு வைத்த சாஃப்ட்வேர்கள் போய்விடும். இரண்டாவதை அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள்.

48 இலக்கப் பூட்டு

ரிப்பேர் மெனுவுக்குள் போகும்போது 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேட்டால் பதற வேண்டாம். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி 48 இலக்க எண். நீங்கள் பூட்டவே இல்லை என்றாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்த பல புதிய லேப்டாப்கள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. போனில் அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து, 'டிவைசஸ்' பகுதியில் பார்த்தால் அந்த எண் இருக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவில் கேளுங்கள். அந்த எண் எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை உருவாக்கித் தர முடியாது.

உலகமே லூப்பில் மாட்டிய நாள்

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்தான் காரணம். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

சுமார் ஒன்றேகால் மணி நேரத்திலேயே அந்த நிறுவனம் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும், மாட்டிய கணினிகள் எழவில்லை. ஏன்? அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் தொடங்கும்போதே தொடங்கிவிடும். சரிசெய்த அப்டேட்டை இன்டர்நெட்டிலிருந்து வாங்குவதற்குள் கணினி விழுந்துவிடும். எழுந்ததும் மறுபடி அதே ஃபைல், மறுபடி அதே வீழ்ச்சி. உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஒரு கெட்ட டிரைவர் செய்வதும் இதேதான்.

அதற்கு நிறுவனம் சொன்ன தீர்வு ஃபார்மேட் இல்லை. சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை நீக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பல ஆபீஸ்களில் வேலை இழுத்ததற்குக் காரணம், ஒவ்வொரு கணினிக்கும் அந்த 48 இலக்க எண்ணைத் தேட வேண்டியிருந்ததுதான்.

ஃபைல்களை மட்டும் வெளியே எடுக்க

எதுவும் பலிக்கவில்லை, ஆனால் நீல மெனு வருகிறதா? 'கமாண்ட் பிராம்ப்ட்' போய் 'நோட்பேட்' என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேடில் 'ஃபைல்', 'ஓப்பன்' கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். வழக்கமான சி டிரைவ் இங்கே வேறு எழுத்தில் இருக்கலாம், தேடிப் பாருங்கள். வேண்டியதை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம்.

அந்த மெனுவும் வரவில்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கணினியில் காப்பி எடுக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். டிஸ்க் மதர்போர்டோடு சேர்ந்தே வரும் சில மாடல்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது இன்னும் கெடலாம்.

கடைக்குப் போகும்போது

லேப்டாப்பைக் கொடுக்கும் முன் சீரியல் நம்பரை போட்டோ எடுங்கள். 'டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்த இடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது, பயாஸில் நிற்கிறதா, சேஃப் மோடு வருகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, ஃபேன் தூசியை எடுப்பது போன்ற சின்ன வேலைகளிலேயே முடிந்துவிடும் கேஸ்களும் உண்டு. வாரன்டி இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம்.

லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறதா? இன்று ராத்திரிக்குள் மூன்று வேலை

ஒன்று, பிட்லாக்கர் எண்ணைத் தேடி டைரியில் எழுதி வையுங்கள், லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு, 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி, சி டிரைவுக்கு அதை ஆன் செய்யுங்கள். மூன்று, மறுபடி கிடைக்காத ஃபைல்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு இரண்டாவது இடத்தில் காப்பி வையுங்கள். கூகுள் அக்கவுன்ட்டில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி இலவசம். வீடியோ அதிகம் என்றால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்.

மூன்றில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், மூன்றாவதைச் சொல்வேன். தாத்தா வீடியோவிலிருந்து ஆரம்பியுங்கள்.