மாப்பிள்ளைக்கே பந்தியில் இலை இல்லை

கறம்பக்குடியிலிருந்து அக்கா மகன் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினான். "மாமா, சைட்டுக்கு நான்தான் அட்மின். எனக்கே அனுமதி இல்லைங்குது. பேசாம எல்லாரையும் அட்மின் ஆக்கிடவா?"

"ஆக்கித் தொலைச்சுடாதே" என்றேன். அந்தச் சாவி கையில் இருந்தால், செய்தி எழுத வந்தவன் இவனையே சைட்டிலிருந்து நீக்கிவிடலாம்.

விஷயம் இதுதான். வேர்ட்பிரஸ்ஸில் சுத்துப்பட்டுச் செய்திகள் போடுகிறான். நாலு பசங்கள் எழுதுகிறார்கள். ஊர்வாரியாகப் பிரிக்க 'ஊர்' என்று சொந்தமாக ஒரு டாக்ஸானமி, அதாவது வகைப்பாடு, வைத்தான். பசங்கள் கறம்பக்குடி, கறம்பகுடி, கரம்பக்குடி என்று இஷ்டத்துக்கு அடிக்க, ஒரே ஊர் மூணாகிவிட்டது. (தமிழ் வாத்தியார்களே தீர்க்காத றகரத் தகராறு, சாஃப்ட்வேர் என்ன செய்யும்?) பயல் கோபத்தில் பூட்டுப் போட்டான்.

இந்தப் பூட்டுக்கு நாலு சாவி. பட்டியலை நிர்வகிக்க, திருத்த, நீக்க, செய்தியில் ஒட்ட. நாம் சும்மா இருந்தால் முதல் மூன்றும் அட்மினுக்கும் எடிட்டருக்கும் போகும். ஒட்டுவது, எழுத அனுமதி உள்ள எல்லாருக்கும். இவன் நாலுக்கும் புதுப் பெயர் சூட்டினான், யாருக்கும் கொடுக்கவில்லை. அட்மின் என்றால் சர்வாதிகாரி என்று நினைப்போம். வேர்ட்பிரஸ்ஸுக்கு அவர் நீளமான அனுமதிப் பட்டியல் வைத்திருக்கும் ஆசாமி, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். (பல சைட்டுகளைச் சேர்த்து நடத்தும் மல்டிசைட்டில் சூப்பர் அட்மினுக்கு மட்டும் விதிவிலக்கு.)

வைத்தியம் 'ஆட் கேப்'. நாலு சாவியும் அட்மினுக்கு, ஒட்டும் சாவி மட்டும் பசங்களுக்கு. ஒருதரம் ஓட்டினால் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரியை அப்புறம் நீக்கினாலும் அனுமதி போகாது, ரிடையரானவர் பெயர் ஆபீஸ் போர்டில் தொங்குகிற மாதிரி.

இதோடு விட்டால் நாலாவது கறம்பக்குடி பிறக்கும். டேக் மாதிரியான வகைப்பாட்டில் ஒட்டும் சாவி இருந்தாலே புதுசாக டைப் அடித்துச் சேர்த்துவிடலாம். 'ஹையரார்க்கிக்கல்' என்பதை ட்ரூ ஆக்கினால், இருக்கிற ஊரில் டிக் மட்டும்தான்.

டிக் அடிக்கிற பெட்டியே வரவில்லையா? அது அனுமதி வியாதி இல்லை. 2018 டிசம்பரில் 5.0 கொண்டுவந்த புது எடிட்டருக்கு, 'ஷோ இன் ரெஸ்ட்' ட்ரூ என்று சொன்னால்தான் கண் தெரியும்.

பழைய மூணு ஊரை ஒண்ணாக்க, முதலில் செய்திகளைச் சரியான ஊருக்கு மாற்றணும், பிறகுதான் மற்ற ரெண்டை அழிக்கணும். அவசரப்பட்டு அழித்தால் செய்தி இருக்கும், ஊர் இருக்காது.