டிக்கெட்ல செவில், இறங்கினா காடிஸ்: கப்பல் விக்கிற டூரை வாங்கறதுக்கு முன்னாடி

க்ரூஸ் செலவுக் கணக்கு வீடியோ போட்டதுல இருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டு இருக்கீங்க. "க்ரூஸ் புக் பண்ணியாச்சு ப்ரோ. ஸ்பெயின்ல கப்பல் நிக்கிற அன்னைக்கு, கப்பல்காரங்களே விக்கிற டூரை வாங்கணுமா? இல்ல நாமளே இறங்கிப் போயிடலாமா?"

என் பதில்: காடிஸ், மலாகா மாதிரி ஊர்ல வாங்காதீங்க. நான் ஒரு ஊர்ல வாங்கி ஏமாந்துட்டு, அடுத்த ஊர்ல வாங்காம தப்பிச்சவன். அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல பேர் விளையாட்டு. பல கப்பல் கம்பெனிகளோட பயணத் திட்டத்துல "செவில்"னு பெருசா போட்டு, பக்கத்துல சின்னதா "காடிஸ்"னு இருக்கும். செவில் கடற்கரை ஊரே இல்ல. ஆத்தோரம், காடிஸ்ல இருந்து கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர் உள்ள இருக்கு. சென்னை துறைமுகத்துல இறங்குறவருக்கு "திருப்பதி"ன்னு டிக்கெட் அடிச்சுக் கொடுத்தா எப்படி இருக்கும்? அதே கதைதான். பேரைப் பார்த்து ஆசைப்பட்டு புக் பண்ணவங்களுக்கு, கப்பல் ஏறினதுக்கு அப்புறம் செவில் போக தனியா டூர் விப்பாங்க. நாங்க போனப்போ தலைக்கு 129 யூரோ சொன்னாங்க. நான், மனைவி, அம்மா, மூணு பேருக்கு 387 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா 38,700 ரூபாய். எங்க வீட்டு ஈஎம்ஐயை விட அதிகம்.

அப்போ என் மனசுல ஓடினது என்ன தெரியுமா? "நாலு லட்சம் செலவு பண்ணி இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் ஒரு 38,000க்கு யோசிக்கறதா?" இந்த வாக்கியத்தைத்தான் நான் உங்களை பயப்படச் சொல்றேன். போன நாலு லட்சம் போனதுதான். அடுத்த 38,000 அதுக்கு ஈடா எதையும் திருப்பித் தரப் போறதில்ல. நஷ்டத்துல இருக்கிற ஷேரை ஆவரேஜ் பண்றேன்னு மேல மேல வாங்குறவங்களுக்கு நான் சொல்ற அதே விஷயம்தான். ஆனா கப்பல் டெக்ல காத்து வாங்கிட்டு நிக்கும்போது நமக்கே அது ஞாபகம் வராது. கப்பல்ல பணமும் கையில இருந்து போகாது. ரூம் கார்டைத் தட்டினா போதும், பில் கடைசி நாள்தான் வரும்.

மலாகால நான் மாட்டினது அப்படித்தான். ஊரைச் சுத்திக் காட்டுற அரைநாள் டூர், தலைக்கு 59 யூரோ. மூணு பேருக்கு 17,700 ரூபாய். சட்டையில நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, நாப்பது பேர் சேர்ற வரைக்கும் உட்கார வச்சு, அப்புறம் பஸ் கிளம்புச்சு. ஹிப்ரால்ஃபாரோ கோட்டை மேட்டுல இறக்கிவிட்டு, இருபது நிமிஷம் போட்டோ எடுத்துக்கோங்கன்னாங்க. மேல இருந்து பார்த்தா, கீழ எங்க கப்பல் நிக்குது! எங்க கப்பலையே எங்களுக்குக் காட்ட 17,700 ரூபாய். அல்கசாபா கோட்டையை வாசல்ல இருந்து காட்டினாங்க. பிக்காசோ பிறந்த வீட்டைத் தாண்டிப் போனோம்னு கைடு மைக்ல சொன்னாரு, நான் அப்போ அந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தேன். இதெல்லாமே துறைமுகத்துல இருந்து நடக்குற தூரம். நடக்க முடியலன்னா டாக்ஸி இருக்கு.

இதுல கப்பல் கம்பெனி என்ன விக்குது? ரெண்டு விஷயத்தை ஒரே பொட்டலமா கட்டி விக்குது. ஒண்ணு, ஊர் சுத்திக் காட்டுறது. இன்னொண்ணு, இன்ஷூரன்ஸ். கம்பெனி டூர்ல போய் பஸ் லேட்டானா, கப்பல் பொதுவா காத்திருக்கும், இல்லன்னா அடுத்த துறைமுகத்துக்கு அவங்களே கொண்டு சேர்ப்பாங்க. தனியா போய் லேட்டானா கப்பல் கிளம்பிடும். அடுத்த ஊருக்கு டிக்கெட், ஹோட்டல் எல்லாம் நம்ம செலவு. அந்த பயத்தைத்தான் விலை போட்டு விக்கிறாங்க. எண்டோமெண்ட் பாலிசியைப் பத்தி நான் என்ன சொல்வேன்னு உங்களுக்குத் தெரியும்: இன்ஷூரன்ஸையும் முதலீட்டையும் கலந்தா ரெண்டுமே உருப்படாது. இங்கயும் அதே கேள்விதான் கேட்கணும். நிஜமாவே ரிஸ்க் இருக்கா? காடிஸ்ல துறைமுக கேட்டைத் தாண்டினா நேரா நகராட்சி மன்றம் இருக்கிற சதுக்கம். நடந்து போற ஊர்ல கப்பலைத் தவற விட பஸ் எங்க ரிப்பேர் ஆகப் போகுது?

அதனால காடிஸ்ல செவிலும் வேண்டாம், கப்பல் டூரும் வேண்டாம்னு முடிவு பண்ணோம். அம்மாவுக்கு மூட்டு வலி. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்னு பஸ்லயே மூணு மணி நேரம் உட்கார வைக்க எனக்கு மனசு வரல. மனைவிக்கு செவில் பார்க்கலையேன்னு கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

பழைய ஊர் மூணு பக்கமும் கடல். பெரும்பாலும் சமதரை, சின்னச் சின்ன சந்து, வெயில் கீழ இறங்காது. மஞ்சள் ஓடு போட்ட பெரிய மாதா கோயில் குவிமாடம் அடிக்கடி கண்ணுல படும், வழி தவற வாய்ப்பில்ல. அம்மா நாலு தெருவுக்கு ஒரு பெஞ்சுல உட்கார்ந்தாங்க, நாங்களும் உட்கார்ந்தோம். மார்க்கெட்டுக்குள்ள போனதும்தான் அம்மா முகமே மாறுச்சு. நெத்திலி, இறால், கணவா, சூரை எல்லாம் ஐஸ்ல அடுக்கி வச்சிருக்காங்க. பக்கத்துல பூக்கடை சதுக்கம், அங்க மீன் வறுத்து காகிதக் கூம்புல கட்டித் தர்ற கடை. சின்ன சுறா வகையை வினிகர், பூண்டு, சீரகத்துல ஊற வச்சுப் பொரிக்கிறாங்க. ஒரு வாய் போட்டதும் அம்மா, "இதுல சீரகம் போட்டிருக்கான்டா"ன்னாங்க. பொடி இறாலைக் கடலை மாவுல கலந்து மெல்லிசா பொரிக்கிற ஒண்ணு இருக்கு, அதை அம்மா பஜ்ஜின்னே முடிவு கட்டிட்டாங்க.

நான் மட்டும் தாவிரா கோபுரம் ஏறினேன். 1717ல அமெரிக்கக் கடல் வணிகத்தை நிர்வாகம் பண்ண அலுவலகத்தை செவில்ல இருந்து காடிஸுக்கு மாத்தினாங்க. பெரிய கப்பல் ஆத்துல ஏறி செவில் வரைக்கும் போறது அவ்வளவு கஷ்டமாயிடுச்சு. அன்னைக்கே கப்பல் இங்கதான் நின்னிருக்கு, நம்ம டிக்கெட்ல மட்டும் இன்னும் செவில்! அந்த வியாபாரிகள் வீட்டுக்கு மேல கோபுரம் கட்டி, போட்ட முதல் திரும்பி வருதான்னு தூரநோக்கில பார்த்துட்டு இருந்தாங்களாம். நாம மார்க்கெட் திறந்ததும் ஆப்பைத் திறக்குற மாதிரி.

கடைசியா கலேட்டா கடற்கரை. 2002ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துல ஹவானான்னு காட்டினது இந்த இடத்தைத்தான். ரெண்டு கோட்டைக்கு நடுவுல சின்ன மணல் திட்டு. காசு கேட்க ஆளில்ல. சாப்பாடு, காபி, கோபுர டிக்கெட் எல்லாம் சேர்த்து மூணு பேருக்கு 60 யூரோவுக்குள்ள முடிஞ்சுது.

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. செவில் பார்த்தே ஆகணும், அதுதான் உங்க கனவுன்னா கப்பல் டூரையே வாங்குங்க. காடிஸ் ரயில் நிலையம் துறைமுகத்துக்குப் பக்கம்தான், ரயில் மலிவுதான். ஆனா அங்க ரிஸ்க் நிஜம், அதுக்கு பிரீமியம் கட்டறது நியாயம். மலாகால இருந்து கிரனாடா போறதுக்கும் இதேதான். பார்சிலோனால கப்பல் நிக்கிற இடம் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி. பஸ் பிடிச்சு கொலம்பஸ் சிலைகிட்ட இறங்கிட்டா போதும், டூர் தேவையில்ல. சக்ரடா ஃபமிலியா டிக்கெட்டை மட்டும் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. பர்ஸ் முன் பாக்கெட்ல இருக்கட்டும்.

அப்புறம் சில்லறை ஓட்டைகள். கடையில கார்டு மெஷின் "யூரோவா, ரூபாயா"ன்னு கேட்டா யூரோவை அமுக்குங்க. ரூபாயை அமுக்கினா அவங்க வச்ச ரேட்தான். சாதாரண கிரெடிட் கார்டுல 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்அப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. என் மலாகா டூருக்கே இன்னும் 730 ரூபாய் போச்சு. நடுக்கடல்ல போன் தானா கப்பல் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும், அந்த ரோமிங் பில் கண்ணைக் கட்டும். ஏறினதும் ஃப்ளைட் மோடு. லிஸ்பன் போயிட்டு ஸ்பெயின் வர்ற கப்பல்னா, ரெண்டு நாட்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். போன் காட்டுற நேரத்தை நம்பாம, இறங்கும்போது கப்பல் கடிகாரத்தைப் பார்த்து கையில ஒரு வாட்ச் கட்டிக்கோங்க. நடுவுல மொராக்கோ துறைமுகம் இருந்தா ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும். இல்லன்னா திரும்ப ஸ்பெயினுக்குள்ள நுழைய முடியாது. இதை டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பாருங்க.

செவில் இன்னும் எங்க லிஸ்ட்ல இருக்கு. மனைவி பேர்ல தனியா ஒரு ஆர்டி போட்டிருக்கோம், மாசம் 5,000. அடுத்த தடவை ரயில்ல போய் ரெண்டு ராத்திரி தங்குறதா பேச்சு. அம்மா வரலைன்னு சொல்லிட்டாங்க. காடிஸ் வழியா போனா மட்டும் யோசிக்கிறாங்களாம்.