பயிற்சி யாருக்குத் தேவை?



தலித்துகளுக்குத் தலைமைப் பண்பு கிடையாது. மூணு நாள் முகாம் போட்டால் வந்துவிடும். நம்ம நாட்டுத் தன்னார்வக் குழுக்கள் ரொம்ப காலமாக இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கின்றன. நாமும் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறிக்கொண்டிருக்கிறோம்.

போன வருசம் நானும் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு, அங்கிருந்து கரடியூர். ஒரு குழு (பேர் எதற்கு? எல்லாம் ஒரே அச்சுதான்) காப்பித் தோட்டத்துக்கு நடுவில் பங்களா பிடித்து, சேலத்துச் சேரிகளிலிருந்து நாற்பது இளைஞர்களைக் கூட்டிவந்திருந்தது. வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் தாட்கோ கடன் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் போனபோது எல்லோருக்கும் கண்ணைக் கட்டி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்து நடக்க விட்டிருந்தார்கள். நம்பிக்கையை வளர்க்கும் விளையாட்டாம். அப்புறம் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று எழுதச் சொன்னார்கள். ஒரு பையன் பலவீனம் என்ற இடத்தில் 'பயம்' என்று எழுதினான். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் பயத்தை வெல்ல ஐந்து வழி சொன்னார். எதைப் பார்த்துப் பயம் என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.

டீ கொண்டுவந்த அம்மா மலையாளி. கேரளத்து மலையாளி இல்லை. சேர்வராயன் மலையின் பழங்குடி. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் சார், வயசுப் புள்ளைங்க கண்ணை எதுக்குக் கட்டுறீங்க?" தலைவராக்கத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பையன் எதற்குப் பயந்தான் என்பதை நான் சொல்கிறேன். 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனுக்கு எந்தப் பயிற்சி குறைவாக இருந்தது? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து வருசம் ஒரு தலித் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. மனுப் போட விடவில்லை. போட்டு ஜெயித்தவரையும் கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். மத்தவங்க நாற்காலியில்.

இப்போது சொல்லுங்கள், பயிற்சி யாருக்குத் தேவை? தரையில் உட்கார்ந்தவருக்கா, நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கா?

இந்தக் கேள்விக்கு அறுபது வருசம் முன்னாடி அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. 1964 கோடையில், மிசிசிப்பியின் கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வட மாநிலங்களிலிருந்து ஆயிரம் பேர் அளவுக்கு மாணவர்கள் போனார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்களில் கணிசமானவர்கள் யூத வீட்டுப் பிள்ளைகள். போவதற்கு முன்னால் ஒஹையோவில் ஒரு கல்லூரி வளாகத்தில் பயிற்சி முகாம்.

அங்கே பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? பாப் மோசஸும் அவரது தோழர்களுமான கறுப்பு இளைஞர்கள். எடுத்துக்கொண்டவர்கள் வசதியான வெள்ளை மாணவர்கள். அடி விழும்போது உடம்பைச் சுருட்டித் தலையைக் காப்பது எப்படி, ஜெயிலில் நடந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். கறுப்பர் வீட்டில் தங்கி, அவர்கள் போடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு வேலை செய்ய வேண்டும். கரடியூரில் நடந்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அதுதான் ஒஹையோ.

ஜூன் 21 அன்று மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். மைக்கேல் ஷ்வெர்னர் 24 வயது, ஆண்ட்ரூ குட்மேன் 20 வயது, இருவரும் நியூயார்க் யூதர்கள். ஜேம்ஸ் சேனி 21 வயது, மிசிசிப்பிக் கறுப்பர். கொன்றது கூ க்ளக்ஸ் கிளான். கூட நின்றது உள்ளூர் போலீஸ். நாடே கொந்தளித்தது, தேடியது. அந்தத் தேடலில் ஆற்றில் வேறு இரண்டு கறுப்பு இளைஞர்களின் உடல்கள் கிடைத்தன: ஹென்றி டீ, சார்லஸ் மூர். மே மாதமே கொல்லப்பட்டவர்கள். அவர்களுக்காக நாடு கொந்தளிக்கவில்லை. வெள்ளை உயிர் போனால்தான் கறுப்பு உயிரும் கணக்கில் வரும் என்பதைக் கறுப்பர்கள் குறித்துக்கொண்டார்கள்.

1966இல் அந்த மாணவர் இயக்கம் வெள்ளைத் தோழர்களிடம் வெளிப்படையாகவே சொன்னது: எங்கள் தெருவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இனவெறி இருப்பது உங்கள் தெருவில், அங்கே போய் வேலை செய்யுங்கள். மனம் புண்பட்டுப் போனவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1998இல் நியூயார்க்கில் தொடங்கிய 'அவோதா' என்ற யூத அமைப்பைப் பாருங்கள். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு உழைப்பு, தொண்டு, வழிபாடு என்று பொருள். யூத இளைஞர்கள் ஒரு வருசம் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து, குறைந்த படிக்காசில் வறுமை ஒழிப்பு வேலை செய்கிறார்கள். அதோடு சேர்த்து வறுமை ஏன் இருக்கிறது, அதில் தங்கள் பங்கு என்ன என்று படிக்கிறார்கள். பயிற்சி அவர்களுக்கு!

யூதர் என்றதும் பாலஸ்தீனம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அடிபட்ட இனம் என்பதே அடிக்காமல் இருப்பதற்கு உத்தரவாதம் ஆகிவிடாது. இதையும் யூதர்களே சொல்கிறார்கள். 2023 அக்டோபரில், காசா மீதான குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான யூதர்கள் கைதானார்கள். தன் சாதிசனத்தை எதிர்த்துத் தன் வீட்டு வாசலில் உட்காருவதுதான் தன்னார்வம். நம்ம ஊரில் அப்படி எத்தனை பேர்? தெற்குத்திட்டைக்கு மூணு நாள் முகாம் கொண்டுபோய், 'தலித் தலைவிக்கு எழுந்து நிற்பது எப்படி' என்று ஆதிக்க சாதிக்கு வகுப்பெடுக்க எந்தக் குழு தயார்? எந்த வெளிநாட்டு நிதி அதற்கு வரும்?

நிற்க. அடுத்தவனைத் திட்டினால் மட்டும் போதாது. கரடியூரில் அந்த நாற்பது பேரில் ஒருத்தர்கூட மலையாளி இல்லை. மலை அவர்களுடையது, டீ அவர்கள் போட்டது, தலைமை மட்டும் கீழேயிருந்து பஸ்ஸில் வந்தது. தமிழ்நாட்டு மலைகளில் ஒன்றுகூட ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை என்று அங்கே யாரும் பேசவில்லை. 2006ஆம் வருச வன உரிமைச் சட்டத்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த அம்மாவின் பேரைக்கூடக் கேட்கவில்லை. தாட்கோ கடன் பற்றிப் பேசிவிட்டு, கவரை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் அண்ணல் அம்பேத்கர், படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நொந்து பேசினார். அவர் பேசியது என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனைப் பற்றித்தான். அதைக் காதில் வாங்கியவர்கள் இருந்தார்கள். கான்சிராமும் தோழர்களும் 1978 டிசம்பர் 6 அன்று தொடங்கிய பாம்செஃப், அரசு ஊழியர்களின் பணத்தையும் நேரத்தையும் மூளையையும் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. மதுரையில் தடயவியல் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டே 1990இலிருந்து சேரி சேரியாக நடந்தவர் திருமாவளவன். 1999இல் வேலையையே விட்டார். இவர்களுக்கெல்லாம் எந்த பங்களாவில் யார் கண்ணைக் கட்டினார்கள்?

பயிற்சியே வேண்டாமா என்றால், வேண்டும். 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட வைப்பது எப்படி, நகலைக் காசில்லாமல் வாங்குவது எப்படி, கடமை தவறிய அதிகாரிமேல் நான்காவது பிரிவைக் காட்டுவது எப்படி, நிவாரணத்தை விடாமல் கேட்பது எப்படி. இதை நம்ம ஆள் நம்ம தெருவில், மரத்தடியில், ராத்திரி எட்டு மணிக்கு மேல் சொல்லித் தரட்டும். செலவு டீக்காசு. அதை நாமே போடுவோம். சேரிக்குள்ளேயும் அருந்ததியத் தோழர் பின்னால் உட்காரும் கூட்டம் என்றால், அங்கேயும் நாற்காலி யாருடையது என்று கேட்போம்.

மலைமேல் பங்களா பிடிக்கும் கனவான்களுக்கு ஒரே வார்த்தை: கீழே இறங்குங்க, உங்க தெருவுக்குப் போங்க.

படித்த தோழர்களுக்கு: மாதத்தில் ஒரு நாள் சம்பளம், நாலு ஞாயிற்றுக்கிழமை. நான் இந்த மாதம் தொடங்கிவிட்டேன். முதல் ஞாயிறு கரடியூர். இந்தத் தடவை பேசுவதற்கு இல்லை, கேட்பதற்கு. வருகிறவர்கள் அவரவர் பஸ் காசை எடுத்துக்கொண்டு வாருங்கள்.