குளிர்காய்பவர் யார்?

எரிபொருளின் விலை ஏறும்போதெல்லாம் இந்நாட்டில் ஓர் ஆறுதல் மொழியும் உடன் எழுகின்றது. “கிராமத்தவனுக்கும் தோட்டத்தவனுக்கும் என்ன கவலை? அவனுக்கு விறகு இருக்கின்றது, அதுவும் இலவசமாக” என்பதே அது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில் இதனைப் பேருந்திலே கேட்டோம், தேநீர்ச்சாலையிலே கேட்டோம், பொருளாதாரம் பயின்றோர் கூடும் நமது மண்டபங்களிலும் கேட்டோம். சொன்னவர்களிற் பலர் தீய எண்ணங் கொண்டோரல்லர். எரிவாயுக் கொள்கலனுக்காக வரிசையில் நின்று களைத்தவர்கள் அவர்கள். தம்மிலும் நல்ல நிலையில் எவனோ ஒருவன் எங்கோ இருக்கின்றான் என்று நம்ப விரும்பினார்கள்.

அவ்வாறு ஒருவன் இல்லை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். விறகு இலவசமான பொருளன்று. அதன் விலை எந்தக் கடைப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் அது நாள்தோறும் செலுத்தப்படுகின்றது. செலுத்துபவள் பெரும்பாலும் ஒரு பெண்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு வீடுகளில் நான்கில் மூன்றுக்கும் மேலானவை விறகினாலேயே சமைத்தன. எனவே விறகைப் பற்றிப் பேசுவது நாட்டின் பெரும்பான்மையைப் பற்றிப் பேசுவதாகும். எனினும் மலையகத்திலே இப்பிரச்சினைக்கு இன்னுமொரு முகம் உண்டு. மட்டக்களப்பிலோ மன்னாரிலோ பிறந்த என் நண்பனுக்கு அடுப்பு என்பது சமைப்பதற்கு மட்டுமே உரியது. நுவரெலியாவோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் உள்ளது. சனவரி, பெப்ரவரி மாத இரவுகள் சிலவற்றில் அங்கு வெப்பநிலை உறைநிலையை அண்மிக்கின்றது. அவ்வேளைகளில் விழும் உறைபனி தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடும். கொழுந்து கருகினால் அது பத்திரிகைச் செய்தி; அதே இரவில் தகரக் கூரையின் கீழ் ஒரு குழந்தை நடுங்கினால் அது செய்தியன்று.

நான் அத்தகைய ஒரு லயத்திலே பிறந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா; அதன் பின்புறத்தை மறித்து அமைத்த அடுப்படி. புகைபோக்கி கிடையாது. எங்களுக்குச் சமையலடுப்பே குளிர்காயும் அடுப்புமாகும். மழைக்காலத்தில் ஈரச்சட்டை உலர்ந்ததும் அங்கேதான்; நான் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததும் அதன் அருகேதான். ஆகவே “விறகு இருக்கின்றது” என்பவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எந்த விறகு என்பதே.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் மிலாறே எங்கள் முதன்மையான விறகு. ஒரு மலையில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையே கவ்வாத்து நிகழும். அம்மலை லயத்துக்கு அண்மையில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையேல் தொலைவிலிருந்து சுமக்க வேண்டும். என் தாய் காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கொடுத்து, அதன் பின்னரே மிலாறு கட்டப் போவாள். தலையிலே விறகுக்கட்டு, கையிலே கூடை, கீழே வழுக்கும் படிக்கட்டு. அந்த வேலைக்குப் பேர் போடுவாரில்லை. வீடு வந்த விறகு ஈரமாயிருந்தால் அதன் வெப்பத்தில் ஒரு பங்கு அதனுள் இருக்கும் நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். எஞ்சுவது கொஞ்சம் சூடும் நிறையப் புகையும்.

இனி, விறகைவிட்டு வேறு எரிபொருளை நாட அவளால் இயன்றதா என்று நோக்குவோம். 2021 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபருக்கு முன்னர் 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலன் 1493 ரூபா. 2022 ஏப்ரலில் அது 4860 ரூபா. அதாவது ஏறத்தாழ ஐந்து நாட்களின் உழைப்பு. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 2022 ஒகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாக்கப்பட்டது. ஒரு நாட்சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு. பின்னர் இவ்விலைகள் ஓரளவு இறங்கின. பழைய இடத்திற்கு அவை திரும்பவில்லை. இத்தகைய நிலையில் விறகுக்குச் செல்வதைத் “தெரிவு” என்று பொருளாதார நூல்கள் எழுதலாம். வேறு வழி அடைக்கப்பட்ட பின் எஞ்சிய ஒரே வழியைத் தெரிவு என்று தமிழில் சொல்வதில்லை.

இதனை அருகிலேயே உள்ள மற்றொரு அடுப்போடு ஒப்பிட்டால் உண்மை இன்னும் தெளிவாகும். அது தேயிலைத் தொழிற்சாலையின் உலை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. மீதி பெரும்பாலும் அகற்றப்பட வேண்டிய நீர். அதற்கான வெப்பத்தைத் தருவதும் விறகே. ஒரு கிலோ தேயிலைக்கு ஒரு கிலோவுக்கும் கூடுதலான விறகு எரிகின்றது. 1970களின் எண்ணெய் விலையேற்றங்களின் பின்னர் எண்ணெயைக் கைவிட்டு விறகுக்கு மாறிய தொழிற்சாலைகள் பல. ஆக, விலையேற்றத்தின்போது தொழிற்சாலையும் விறகுக்குத் திரும்பியது, தொழிலாளியும் திரும்பினாள். ஆனால் தொழிற்சாலையின் விறகுக்கு யூக்கலிப்டஸ் தோப்பு உண்டு. வெட்டுவதற்குக் கூலி உண்டு. ஏற்ற லொறி உண்டு. நனையாமல் அடுக்கக் கொட்டகை உண்டு. யாவற்றுக்கும் மேலாக உற்பத்திச் செலவென்ற கணக்கேட்டில் அதற்கு ஒரு பத்தி உண்டு. தொழிலாளியின் விறகு எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. கொழுந்து உலர வேண்டிய வெப்பம் செலவாகக் கணிக்கப்படுகின்றது. அதனைப் பறித்தவளின் உடல் உலர வேண்டிய வெப்பம் அவளது சொந்தப் பிரச்சினையாகின்றது. சுரண்டல் என்ற சொல் சிலருக்குச் சலித்துவிட்டதென்பதை அறிவேன். இதற்கு வேறொரு சொல்லை அவர்கள் தருவார்களாயின் மகிழ்வோடு ஏற்றுக்கொள்கின்றேன்.

புகையின் கணக்கையும் பார்ப்போம். வீட்டினுள் விறகு முதலியவற்றை எரிப்பதனால் மாசடையும் காற்று, 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். குளிர்நாட்டிலே இக்கேடு இரட்டிக்கின்றது. சூடு வெளியேறாதிருக்கக் கதவையும் சாளரத்தையும் அடைக்கின்றோம். அடைத்தால் புகையும் உள்ளேயே தங்குகின்றது. குளிரா, இருமலா என்ற கேள்வி ஒவ்வோர் இரவும் எழுகின்றது.

இங்கு இரு மறுப்புரைகள் எழலாம். முதலாவது, விறகு பொறுக்குவோர் காட்டை அழிக்கின்றனர் என்பது. மத்திய மலைநாட்டின் காடுகள் 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. அவற்றைக் காப்பது நம் அனைவரதும் கடமை. ஆயினும் மலைச்சரிவுகளின் காடு விறகுக்கட்டுகளாக வெளியேறவில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு நிலம் கைப்பற்றப்பட்டது. 1870களில் கோப்பிப் பயிர் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது; அந்த ஏக்கர்களே முன்னைய காடு. வெட்டிய கை எம் மூதாதையருடையதாயினும் வெட்டச் சொன்ன வாய் வேறு. இன்று காய்ந்த கொம்பொன்றை முறிப்பவளை வனக்குற்றவாளி என்பது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

இரண்டாவது மறுப்புரை வலிமையானது. விறகு மீண்டும் முளைக்கும் எரிபொருள். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை. கடன்பட்ட நாடு அதனைக் கைவிடலாகாது என்பர். இதனை நான் முற்றாக ஏற்கின்றேன். என் வாதம் விறகுக்கு எதிரானதன்று. விறகு நாட்டுக்கு அத்துணை இன்றியமையாத எரிபொருளாயின் அதனை எரிபொருளாகவே நடத்துங்கள் என்பதே என் வாதம். பெற்றோலுக்குக் களஞ்சியமும் விலைச்சூத்திரமும் வகுக்கும் அரசு, பெரும்பான்மையான வீடுகளின் எரிபொருளுக்கு ஒரு கொட்டகைதானும் அமைத்ததுண்டா? 1980களிலேயே “அனகி” என்ற இருவாய்க் களிமண் அடுப்பு இந்நாட்டில் உருவாக்கப்பட்டது. மூன்று கல் அடுப்பிலும் குறைந்த விறகில் அது சமைக்கும். ஆயினும் அதற்குப் புகைபோக்கி இல்லை. நாற்பது ஆண்டுகளின் பின்னும் மலைநாட்டுக் குளிருக்கும் அடைத்த காம்பராவுக்கும் உரிய அடுப்பு எங்களை வந்தடையவில்லை.

நம்மவரையும் விட்டுவைக்க முடியாது. நமது கவியரங்குகளில் லயத்துப் புகை எத்தனை முறை அழகாக எழுந்துள்ளது! பனிமூட்டமும் அடுப்புப் புகையும் கலந்து மலையில் தவழ்வதாக நானும் எழுதியுள்ளேன். விடுதியிலே, மின்கேத்தலில் கொதித்த தேநீரை அருந்தியபடி எழுதினேன். விடுமுறையில் அதனை என் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவள் இருமி முடித்து, “நல்லாத்தான் இருக்கு, கூரையில ஒரு ஓட்டை போட்டுத் தாரியா தம்பி?” என்றாள். அதற்கு இன்றுவரை நான் விடையளிக்கவில்லை.

எனவே வேண்டுவன இவை: ஒவ்வொரு லயத்துக்கும் நனையாத விறகுக் கொட்டகை, ஒவ்வோர் அடுப்புக்கும் புகைபோக்கி, தொழிற்சாலைக்குத் தோப்பு இருப்பதுபோலத் தொழிலாளருக்கென உரிமையோடு ஒதுக்கப்பட்ட விறகு நிலம், மலைநாட்டுக் குளிரையும் விறகையும் கணக்கிற் சேர்க்கும் சம்பளப் பேச்சுவார்த்தை. இவற்றுள் எதுவும் புரட்சியன்று. புதிய வீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி வரவேற்கத்தக்கதே. எனினும் வீடு போக எஞ்சும் நிலத்தில் ஓர் அடுப்புக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய விறகு விளையாது.

“எரிகிற வீட்டில் குளிர்காய்தல்” என்று தமிழிலே ஒரு வழக்கு உண்டு. நெருக்கடிகள் வருகின்றன; விலைகள் ஏறுகின்றன; தோட்டத்தவள் விறகால் சமாளித்துக்கொள்வாள் என்று அரசும் கம்பனியும் கற்றோரும் ஆறுதல் கொள்கின்றனர். அவள் சுமப்பதனால் மானியம் மிச்சமாகின்றது, சம்பளம் மிச்சமாகின்றது, நமது மனச்சாட்சிக்கும் வேலை மிச்சமாகின்றது. அடுப்பு எரிவது அவளது காம்பராவில். குளிர்காய்பவர் யார் என்பதை இனியேனும் கேட்போம்.