எதை வடிகட்டுவது?

இலக்கமுறை வடிகட்டியை வடிவமைத்தல் இன்று கணினிக்கு ஒரு கட்டளை எழுதும் வேலையே எனப் பலர் கருதுகின்றனர். எந்த மீடிறன்களை விடுவது, எவற்றைத் தடுப்பது, எவ்வளவு பிழையைப் பொறுப்பது என்பவற்றைக் கொடுத்தால் குணகங்கள் வந்துவிடும். பார்க்ஸ், மக்கிளெலன் ஆகியோர் 1972 இல் வெளியிட்ட முறை அவர்களுக்குச் சான்று. குணகங்களைக் கணித்தல் பெரிதும் தீர்ந்துபோன பிரச்சினை என்பது உண்மையே. ஆனால் எது சைகை, எது இரைச்சல் என்ற வினாவைக் கணினி கேட்பதில்லை. வருந்தத்தக்க வகையில், பரீட்சை வினாத்தாளும் கேட்பதில்லை.

இதயமின் வரையம் இதற்குத் தக்க உதாரணம். நோயாளி மூச்செடுக்கையில் வரையத்தின் அடிக்கோடு மெல்ல ஏறி இறங்கும். அதனை நீக்க, 0.5 ஹேட்சுக்குக் கீழுள்ளவற்றைத் தடுக்கும் சாதாரண வடிகட்டி ஒன்று இடப்படுகிறது. கோடு நேராகிறது, வீச்ச வரைபிலும் குறை தெரிவதில்லை. ஆயின் அவ்வடிகட்டி தாழ்மீடிறன் கூறுகளின் அவத்தையைப் பிறழச்செய்து எஸ்.ரீ. துண்டத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடும். இதயத் தசைக்குக் குருதி போதியளவு கிடைக்கின்றதா என்று வைத்தியர் தேடுவதோ அத்துண்டத்தில். இல்லாத நோயை எழுதிக் காட்டவல்ல ஒன்றை, கேட்ட எல்லைக்குள் அமைந்தது என்று பாராட்டுவது எவ்வாறு?

அமெரிக்க இதயச் சங்கம் 1975 இல் இவ்வெல்லையை 0.05 ஹேட்ஸ் என விதந்துரைத்தது. 1990 இல், அவத்தைப் பிறழ்வற்ற இலக்கமுறை வடிகட்டிகளுக்கு மட்டும் அதனை 0.67 ஹேட்ஸ் வரை தளர்த்தியது. ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு! வகுப்பறையில் அவசரமாகக் கடந்து செல்லப்படும் அவத்தையின் பெறுமதி அவ்வளவு.

சமச்சீர்க் குணகங்களைக் கொண்ட வடிகட்டிக்கு இத்தகைய தாழ்மீடிறனில் ஆயிரக்கணக்கான குணகங்கள் தேவைப்படும், செக்கன் கணக்கில் தாமதமும் நேரும், நீள்வட்ட வடிகட்டியோ மிகச் சிலவற்றுடன் முடித்துவிடும் என்பர். கட்டிலருகே துடிப்பின் ஒழுங்கைக் காட்டும் கருவிக்கு இவ்வாதம் பொருந்தும். அங்கு தாமதமே ஆபத்து. பதிந்தபின் தாளில் அச்சிடும் கருவிக்கு என்ன அவசரம்? பதிந்த தரவை ஒரே வடிகட்டியினூடே முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் செலுத்தினால் அவத்தைப் பிறழ்வு நீங்கும். பதிவின் இரு ஓரங்களில் மட்டும் கவனம் வேண்டும். இவ்வளவு எளிய வழி இருக்க, குணகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தலையே திறமை எனக் கற்பிப்பது சோம்பலன்றி வேறில்லை.

வெட்டு மீடிறனைக் கொடுத்துக் குணகங்களைக் கேட்கும் வினாக்கள் போதும். ஒரு நோயாளியின் வரையத்தைக் கொடுத்து வெட்டு மீடிறனைக் கேட்கட்டும்.